இழுப்பு என்றொரு சொல்

புதன்கிழமைதோறும் மாலை ஐந்தரை மணிக்கு, எங்கள் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி அறையில், சிஸ்டர் மைக்கை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, "கேக்கா?" என்று, குரல் கேட்கிறதா என்பதைத் தன் ஊர்ப் பேச்சில் கேட்பார். எதிரே சுவரை அடைத்தாற்போல் ஒரு திரை. அதில் கடல் கடந்த ஊர் ஒன்றின் குழந்தைகள் மருத்துவமனை தெரியும். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். காப்பிக் கோப்பையும் கையுமாக ஐந்தாறு டாக்டர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் வாராவாரம் கேட்டுப் பழகிப்போய், அவர்களில் மூத்த டாக்டரம்மா கட்டைவிரலை உயர்த்தி, "கேக்கு, கேக்கு" என்று பதில் சொல்வார். சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். அதற்குப் பிறகுதான் ஆங்கிலமும் நோய்களும் தொடங்கும்.

சிஸ்டர் எங்கள் வார்டின் பொறுப்பு நர்ஸ். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா காலத்திலேயே மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் குடியேறியவர்கள். நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுத் தமிழ் வீட்டுப் பெண். கடைப் பலகையில் இருக்கும் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன், ஆனால் பேச்சில் யாருக்கும் சளைத்தவள் இல்லை என்று எனக்கு நினைப்பு. தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றும் பேசுவேன் என்பதற்காகவே, இரண்டு தேசத்து ஆஸ்பத்திரிகளும் கைகோத்த அந்தத் திட்டத்தில் ஒப்பந்தக் குமாஸ்தாவாக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். தாய்மார்களைக் கேட்டு, கம்ப்யூட்டரில் படிவத்தை நிரப்புவது என் வேலை. சிஸ்டர் அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகே அது கடல் தாண்டும்.

திட்டத்தால் ஒரு பலனும் இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பிறந்தவுடன் மூச்சு விடாத குழந்தைகளைக் கையாள எங்கள் நர்சுகள் கற்றுக்கொண்டது அவர்களிடம்தான். அங்கிருந்து வந்து சொல்லிக்கொடுத்தவர்கள் நல்லவர்கள், பொறுமைசாலிகள், எங்கள் இட்லியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள். அவர்கள் அனுப்பிய படிவம் மட்டும் எனக்கு என்றைக்குமே பிடிக்கவில்லை. பல தேசங்களுக்கும் ஒரே படிவம். குழந்தைக்கு என்ன தொந்தரவு என்ற கேள்விக்குக் கீழே ஒரு பட்டியல் விரியும். காய்ச்சல், வலிப்பு, மூச்சிரைப்பு, வயிற்றுப்போக்கு என்று ஆங்கிலத்தில் இருக்கும். அதில் ஒன்றை அழுத்தலாம். சொந்தமாக ஒரு வார்த்தை எழுத இடம் கிடையாது.

அந்தத் தாய் தாராவியில் இருந்து வந்தவள். புருஷன் பிளாஸ்டிக் பிரிக்கும் கொட்டகையில் வேலை. இரண்டு வயதுப் பெண் குழந்தை, மூக்கு ஒழுகிக்கொண்டு அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. வரிசை வராந்தா வரைக்கும் நீண்டிருந்தது. அவள் முதலில் இந்தியில்தான் தொடங்கினாள். நான் பக்கத்து மேசைக்காரியிடம் தமிழில் ஏதோ கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க தமிழா மேடம்? அப்பாடி" என்று ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "பிள்ளைக்கு இளுப்பு வருது. தூங்கும்போது வருது, கொஞ்ச நேரத்துல தானா சரியாயிருது." கையைத் தூக்கி எதையோ காட்டப் போனாள். நான் விடவில்லை. "புரிஞ்சுது, புரிஞ்சுது. எங்க அப்பாக்கும் இழுப்பு உண்டு" என்றேன். அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை நான் பார்த்தேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பட்டியலை விரித்து, மூச்சிரைப்பு என்பதை அழுத்தினேன்.

எங்கள் வீட்டில் இழுப்பு என்றால் அதுதான். மழைக்காலம் வந்தால் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து மூச்சை இழுத்து இழுத்து விடுவார்; மேசையில் மருந்துப் பம்பு இருக்கும். சின்ன வயதிலிருந்து நான் கேட்ட சொல். அதற்கு இன்னொரு அர்த்தம் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் இந்தியிலேயே பேசியிருந்தால் 'ஜட்கா', அதாவது உடம்பு வெட்டி இழுக்கிறது, என்றிருப்பாள், நானும் சரியாக வலிப்பு என்று அழுத்தியிருப்பேன். தாய்மொழியில் பேசியதால் வந்த வினை அது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்மேலேயே வெறுப்பு வருகிறது.

சிஸ்டருக்கு அன்று வார்டில் தலைபோகிற வேலை. பத்துப் பதினைந்து படிவங்களில் நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஜலதோஷம் பிடித்த குழந்தை, நெஞ்சில் கரகரப்பும் இருந்தது. பயிற்சி டாக்டர் படிவத்தைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்தார், தலையசைத்தார். புதன்கிழமைக் கூட்டத்தில் கடல் கடந்த டாக்டர்கள் அந்தக் குழந்தைக்காக முழுதாகப் பத்து நிமிஷம் ஒதுக்கினார்கள். மூச்சிரைப்புக்கு என்ன மருந்து, எத்தனை வேளை, எப்படிப் புகையாகக் கொடுப்பது என்று படம் போட்டு விளக்கினார்கள். ஒன்றுகூடத் தப்பான யோசனை இல்லை. படிவம் ஏற்கெனவே கேட்டுவிட்டதால், தாயை மறுபடி யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலிப்பு நிற்காமல் வெகுநேரம் வந்திருக்கிறது. உயிர் தங்கியது. மூளையில் பாதிப்பு, இனி நடக்காது, பேசாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். அந்தத் தாய் அழவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "நான் அன்னைக்கே சொன்னேனே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் சிஸ்டர் என்னை மருந்து அலமாரிக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"அவ என்ன சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லு பிள்ள."

சொன்னேன்.  சிஸ்டர், "எங்க பக்கம் இளுப்புன்னா கை கால் இளுக்கது. வலிப்பு. ஒங்க வீட்டுல?" என்றார். மூச்சு வாங்குவது என்று கையால் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

"நீ இத யாருகிட்டயும் சொல்லாத. ஒனக்கு வேலை போயிரும். படிக்காம கையெழுத்துப் போட்டது நான். நான் ஒரு வாட்டி படிச்சிருந்தா அவளக் கூப்புட்டுக் கேட்டிருப்பேன். அவகிட்ட நானே சொல்லிக்கிடுதேன்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பாவின் மருந்து, அக்காவின் கல்யாணம் என்று ஆயிரம் காரணம் அடுக்கலாம். உண்மை என்னவென்றால், எனக்கு நிம்மதியாக இருந்தது. சிஸ்டர் என் பேச்சையே எடுக்காமல், அந்தத் தாயிடம் தவறு தன்னுடையது என்றார். எழுத்திலும் அப்படியே கொடுத்தார். விசாரணை நடந்தது, பதவி உயர்வு நின்றது. அது போகட்டும். அந்தத் தாயின் சொந்தக்காரர்கள் லேபர் கேம்ப்பில் சிஸ்டர் வீட்டுச் சந்திலேயே இருந்தார்கள். போவது ஒரே கோயிலுக்கு. ஞாயிறு ஆராதனையில் சிஸ்டர் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டு அவர் வீட்டுக்கு வருவது நின்றது. சிஸ்டரும் அந்தத் தெருவில் பிறந்தவர்தான், ஆனாலும் அவரைத் தெரியாதவர்போல் தாண்டிப் போனார்கள்.

அதன் பிறகு சிஸ்டர் புதன்கிழமைகளில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். படிவத்தில் ஒரு கட்டம் வேண்டும். தாய் சொன்ன சொல்லை, அவள் சொன்ன மொழியிலேயே, அப்படியே எழுதி வைக்க ஒரு கட்டம். அந்த மூத்த டாக்டரம்மா கண் கலங்கக் கேட்டுக்கொண்டு, மிக அருமையான யோசனை, குழுவில் வைக்கிறேன் என்றார். பொய் சொல்லவில்லை, வைத்தார். ஓர் ஆஸ்பத்திரிக்காகப் படிவத்தை மாற்றினால் மற்ற தேசங்களோடு ஒப்பிட முடியாது என்று குழு பதில் எழுதியது. சிஸ்டர் மறுபடி கேட்டார். மறுபடி அருமையான யோசனை என்றார்கள். போகப்போக, சிஸ்டர் வாயைத் திறந்தாலே எங்கள் டாக்டர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். அங்கே தலைமை மாறியது, அக்கறைகளும் மாறின. ஒரு நாள் கேக் வெட்டி, எல்லோருக்கும் துணிப்பை கொடுத்து, திட்டம் வெற்றிகரமாக நிறைவடைந்ததாக அறிவித்தார்கள். படிவத்தை மட்டும் எங்கள் ஆஸ்பத்திரி வைத்துக்கொண்டது. இன்றும் அதைத்தான் நிரப்புகிறோம். கட்டம் இல்லை.

என்னை நிரந்தரமாக்கினார்கள். சிஸ்டர் ஓய்வு பெற்று, சான்பாடாவில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். செம்பூரில் இருக்கும் என் வீட்டிலிருந்து அது ஒன்றும் பெரிய தூரமில்லை. ரயிலில் ஏறினால் போயிற்று. நான் போகவில்லை. போனால் என்ன பேசுவது? அவர் என்னை ஒரு வார்த்தை குற்றம் சொல்ல மாட்டார் என்பது தெரியும், அதற்குத்தான் பயந்தேன்.

போன மாதம் சிஸ்டர் இறந்துவிட்டார். லேபர் கேம்ப் கோயிலில் நினைவு ஆராதனை என்று செய்தி வந்தது. போனேன். அந்தத் தாய் வந்தால் இன்றைக்காவது சொல்லிவிடுவது என்று, டாக்ஸியில் போகும்போதே வாக்கியங்களைக் கட்டி வைத்துக்கொண்டேன். பெஞ்சுகளில் பாதிகூட நிறையவில்லை. அவள் வந்திருந்தாள். தலை நரைத்திருந்தது. பக்கத்தில் சக்கர நாற்காலியில் அந்தப் பெண். இப்போது தாயைவிட உயரம் இருப்பாள், நிற்க முடிந்தால். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்க, தாய் அடிக்கடி அவள் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஆராதனை முடிந்ததும் என்னை அடையாளம் கண்டு அவளே வந்தாள்.

"அந்தம்மாவ நான் மன்னிச்சிட்டேன் மேடம். இத்தன வருசம் முடியல. செத்தவங்க மேல என்ன கோவம்" என்றாள்.

நான் கட்டி வைத்திருந்த வாக்கியங்களில் முதலாவதைத் தொடங்கினேன். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான்..." என்றேன். அதற்குள் அவள் என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். அந்த ஆஸ்பத்திரி முச்சூடும் எனக்கு இன்னும் வயித்தெரிச்சல்தான். ஒங்களத் தவிர. அன்னைக்கு நீங்க ஒருத்தர்தான் மேடம் நான் சொன்னதக் காது குடுத்துக் கேட்டீங்க."

நான் தலையாட்டினேன்.