ஏழாவது கேசரோல்

1. வடத்தின் மேல் உட்கார்ந்தார்கள்

மைக் பிடிக்கும் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கரண்ட் போனால் பயப்பட வேண்டாம், ஜெனரேட்டர் உண்டு. மழை வந்தால் பயப்பட வேண்டாம், தார்பாய் உண்டு. இறுதிப் போட்டிக்கு வந்த பெண்கள் வடத்தைத் தரையில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டால் மட்டும் தாராளமாகப் பயப்படலாம். நான் அதைத்தான் செய்தேன்.

பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு கிளப்பின் ஓண வடம்வலி, அதாவது கயிறு இழுக்கும் போட்டி. அனௌன்ஸ்மென்ட் நான். எடை குறைந்த ஆண்களின் போட்டி முடிந்து, ஜெயித்தவர்கள் சிப்சுக்கு ஆகிற நல்ல ஏத்தன் வாழைக்குலையைத் தோளில் ஏற்றி ஆடிக்கொண்டிருந்தார்கள். எடை கூடிய ஆண்களின் இறுதிப் போட்டி கடைசியில். அவர்களுக்கு அதைவிடப் பெரிய குலை. நடுவில் பெண்கள் போட்டி.

பெண்கள் போட்டிக்கென்றே நான் வைத்திருக்கும் தமாஷ்களை எடுத்துவிட்டேன். வடம் மிச்சம் வந்தால் துணி காயப்போடலாம், அந்த வகையறா. பிறகு பரிசை அறிவித்தேன்.

"ஜெயிக்கிற சகோதரிமாருக்கு, சோறு ஆறாம இருக்க, ஆளுக்கொரு கேசரோல்!"

காஞ்சிரங்குளம் அணியின் கேப்டன் ஜெயகுமாரி, கான்கிரீட் வேலைக்குப் போகிறவர், வடத்தைக் கீழே போட்டார்.

"அண்ணா, ஆறு ஓணமா நாங்கதான் ஜெயிச்சோம். வீட்டுல ஆறு கேசரோல் கிடக்கு. ஏழாமத்ததுல நான் என்னத்த போட்டு வைக்கியது?"

உட்கார்ந்தார். அவரோடு அவர் அணி உட்கார்ந்தது. எதிர் முனையிலிருந்த பூவார் அணியும் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. வடம்வலியில் இரண்டு அணியும் ஒரே பக்கம் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

2. வாயால் கெட்டேன்

கிளப் தலைவர் தாசண்ணன் மேடைக்கு ஓடி வந்தார்.

"எலே மக்கா, ஆளு கலையுது. மைக்குல என்னவாவது சொல்லு. இது நடக்கல்லேண்ணா அடுத்த ஓணத்துக்கு உனக்கு இங்க மைக்கு இல்ல, பாத்துக்கோ."

எங்கள் தொழிலில் ஒரு மைதானத்தில் கெட்ட பெயர் எடுத்தால் காட்டாக்கடை வரைக்கும் அது நமக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். அவசரத்தில் மைக்கை வாய்க்குள் திணிப்பதுபோல் பிடித்தேன். ஸ்பீக்கரில் ஆடு கத்துவதுபோல் ஒரு சத்தம். அந்தச் சத்தத்தோடு சொன்னேன்: "ஆம்பிளையள வலிச்சு ஜெயிச்சா, பெண்களுக்கும் குலை!"

கூட்டம் விசிலடித்தது. தப்பித்தேன் என்று நினைத்தேன். ஜெயகுமாரி மேடைக்கு வந்து என் கையிலிருந்த மைக்கை, செங்கல் வாங்குவதுபோல வாங்கினார்.

"மெலிஞ்ச ஆம்பிளைய நீங்க தடியனோட வலிக்க விடுவீங்களா? மாட்டீங்க. எடை பாத்து அவனுக்குத் தனி செட்டு, தனி குலை. எங்களுக்கும் தனி செட்டுதான். அப்போ குலை எங்க? நாங்க ஆம்பிளைய வலிச்சுத்தான் வாங்கணும்ணா, ஆம்பிளையள் போய் லாரிய வலிச்சு வாங்கட்டு!"

மைக்கைத் திருப்பித் தந்தார். கையில் மைக் இருந்தால் என் வாய் தானாக எதையாவது சொல்லிவிடும். "பெண்கள் போட்டிக்கும் குலை உண்டு!" என்று சொல்லிவிட்டது.

தாசண்ணன் காதைக் கடித்தார். "குலை எங்கலே இருக்கு?"

பந்தலில் இரண்டு குலைகள் தொங்கின. ஒன்று எடை கூடிய ஆண்களுக்கு. மற்றது அனௌன்சருக்கு. சம்பளத்துக்கு மேலே ஒரு குலை தருவது அந்த கிளப்பின் வழக்கம். அந்தக் குலையை நம்பி என் மனைவி சுனிதா காலையிலேயே எண்ணெய் வாங்கி வைத்திருந்தாள்.

தாசண்ணன் என் குலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கடைசியாக.

3. வலித்தார்கள்

தமாஷெல்லாம் தீர்ந்துவிட்டதால், வேறு வழியில்லாமல், நடப்பதைச் சொன்னேன். காஞ்சிரங்குளத்துக்காரர்கள் குதிகாலை மண்ணில் புதைத்ததைச் சொன்னேன். பூவார் அணியின் கடைசி ஆள் வடத்தைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு அசையாமல் சாய்ந்து கிடந்ததைச் சொன்னேன். இத்தனை வருடமாகப் பெண்கள் போட்டிக்கு மைக் பிடித்திருக்கிறேன். போட்டியைப் பார்த்தது அன்றுதான். போன கூட்டம் திரும்பி வந்து வேலியைச் சாய்த்தது.

பூவார் ஜெயித்தது. குலையையும் கொண்டுபோனது. முதல் பரிசு குலையாகிவிட்டதால் கேசரோல் இரண்டாம் பரிசாக இறங்கியது. ஆக, இத்தனை வழக்காடிய ஜெயகுமாரிக்குக் கிடைத்தது ஏழாவது கேசரோல்.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அதை என் கையில் வைத்தார். "அண்ணா, குலை போச்சுல்லா? வெறுங்கையோட வீட்டுக்குப் போகாண்டாம்."

வீட்டில் சுனிதா மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். "இதுக்குள்ளயாக்கும் குலை இருக்கு?"

முழுக்கதையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "அவ லாரிய வலிக்கச் சொன்னாளா?" என்று கேட்டு, அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

இப்போது யார் புக்கிங்குக்குக் கூப்பிட்டாலும் என் முதல் கேள்வி, பெண்களுக்கு என்ன பரிசு என்பதுதான். கேசரோல் என்றால் சொல்லிவிடுவேன்: "எனக்க வீட்டுல ஒண்ணு கிடக்கு அண்ணா. அதுல என்னத்த போட்டு வைக்கியதுண்ணு எனக்கே இன்னும் தெரியல்ல."