பூச்சரம் சுற்றிய மைக்

மைக்கின் வலைத்தலைக்கு ஒரு வாடை உண்டு. வெற்றிலை, பீடி, இருமல் மாத்திரை, நேற்றுப் பேசியவரின் எச்சில் எல்லாம் காய்ந்து இரும்போடு ஒட்டிக்கொண்ட வாடை அது. சிறுவயதில் பார்த்த அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல்களை நினைத்தால் மற்றவர்களுக்கு மாவிளக்கும் வாணவேடிக்கையும் நினைவுக்கு வருமாக இருக்கும், எனக்கு முதலில் வருவது அந்த வாடைதான். என் அக்கா தனம் மைக்கைத் தாவணி நுனியால் துடைத்து, முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, மறுபடியும் ஒருமுறை துடைத்த பிறகுதான் வாயருகே கொண்டுபோவாள். அவள் நின்று பாடியது மேடையில் அல்ல. மேடைக்குப் பின்னால், சமையல் அண்டாக்களும் மடக்கு நாற்காலிகளும் அடுக்கிக் கிடந்த, சன்னல் சாத்திய சங்கத்து அறையில்.

அருப்புக்கோட்டையில் வீட்டுக்குள் தெலுங்கும் வாசலைத் தாண்டினால் தமிழும் பேசுகிற நெசவுத் தெரு எங்களுடையது. (இங்கே எல்லாருடைய பேச்சையும் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.) தெருவுக்கு ஒரு சங்கம் இருந்தது, சங்கத்துக்குச் சொந்தமாக ஓர் ஆர்கெஸ்ட்ரா இருந்தது, அந்த ஆர்கெஸ்ட்ராவில் சங்கீதம் மட்டும்தான் இல்லை. கீபோர்டு வாசித்தவர் ஜவுளிக்கடைக்காரர். இடது கையை அவர் வியர்வை துடைப்பதற்கு மட்டுமே பயன்படுத்தினார். பாங்கோஸ் தட்டியவர் தறிச் சத்தத்தில் வளர்ந்தவர் ஆதலால் எந்தப் பாட்டை அவரிடம் கொடுத்தாலும் அது தறியாகத்தான் திரும்பி வந்தது. இவர்களுக்கெல்லாம் மேலே, சாயப்பட்டறை வைத்திருந்த சங்கத் தலைவர் இருந்தார். எங்கள் அப்பா உட்படப் பாதித் தெருவுக்கு நூல் அவரிடமிருந்துதான் வந்தது. ஆகவே எது நல்ல பாட்டு, எது நல்ல கதை என்பதும் அவரிடமிருந்துதான் வந்தது.

கதை என்றேன். அதுதான் எங்கள் கச்சேரியின் தனிச்சிறப்பு. மற்ற ஊர்க் குழுக்களைப் போல வெறுமனே பாட்டாகப் பாடித் தள்ளாமல், ஒரு சினிமாவை எடுத்துக்கொண்டு, அதன் கதையைத் தலைவர் துண்டு துண்டாகச் சொல்ல, நடுநடுவே அந்தப் படத்துப் பாட்டுகளைக் குழு பாடும். இதற்கு "சினிமாக் கதைக் கச்சேரி" என்று பெயர். தலைவர் வாயில் விழுந்த எந்தக் கதையும் போன மாதிரி திரும்பி வந்ததில்லை. படத்தில் காதலனோடு ஊரைவிட்டு ஓடிப்போகிற பெண் அவர் கதையில் பஸ் ஸ்டாண்டிலிருந்தே அழுதுகொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். படத்தில் அப்பனை எதிர்த்துப் பேசுகிறவள் அவர் கதையில் விஷக்காய்ச்சலில் படுத்துவிடுவாள். ஓடிப்போன பிறகு இருவரும் சேர்ந்து பாடுகிற பாட்டு வந்துவிட்டால், அது கனவு என்று சொல்லிவிடுவார். படத்தை நாலு தடவை பார்த்த சனமெல்லாம் வாயைத் திறக்காமல் அந்தக் கனவைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

அதுவரை பெண் குரலில் பாடிவந்தவன் தலைவரின் தங்கை மகன். மீசை முளைத்ததும் அந்தக் குரல் போயிற்று. அப்போதுதான் எங்கள் வீட்டில் ராட்டையில் தறிக்கான நூல்தார் சுற்றிக்கொண்டே பாடுகிற தனத்தின் ஞாபகம் சங்கத்துக்கு வந்தது. ரேடியோவில் ஒருமுறை கேட்டால் போதும், பாட்டின் சங்கதிகளையெல்லாம் அப்படியே பிடித்துவிடுவாள். எங்கள் தெருவில் யாருக்கும் வராத "ழ" அவளுக்கு வரும். ஆனால் நம் வீட்டுப் பெண் நாலு பேர் பார்க்க மேடையில் நிற்பதாவது என்று சங்கத்தில் எல்லாரும் தலையைச் சொறிந்தபோது, தலைவர்தான் வழி சொன்னார். எங்கள் வீட்டு நடையில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த காப்பியை ஆற்றிக்கொண்டே அவர் சொன்னது இன்றும் அப்படியே காதில் இருக்கிறது.

"சினிமாவுல பாடுற பொம்பளைக மொகத்த எவனாச்சும் பாத்திருக்கானா? பாட்டு வெளிய வந்தாப் போதும், ஆளு எதுக்கு? நம்ம பிள்ள உள்ள நின்னு பாடட்டும். ஒரு வருசம் இப்பிடிப் போகட்டும், அடுத்த வருசம் மேடையப் பத்திப் பாத்துக்கிருவோம்."

இதை ஒரு பெரிய சட்ட நுணுக்கம் போல எல்லாரும் தலையாட்டிக் கேட்டார்கள். அப்பா நன்றி வேறு சொன்னார். அக்காவுக்கு அந்தப் பேச்சில் கேட்டது கடைசி வாக்கியம் மட்டும்தான். "அடுத்த வருசம் மேடையில நிப்பேன்டி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பொங்கலுக்கு எடுத்த பச்சைத் தாவணியைக் கட்டாமலேயே மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தாள். வயசுப்பெண்ணைத் தனியாக அறையில் விடக்கூடாதென்று என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். அண்டாவின் மேல் உட்கார்ந்து, வெளியே கைதட்டல் கேட்கும்போதெல்லாம் அக்காவின் முகத்தைப் பார்ப்பதுதான் என் வேலை.

மேடையில் பெண் குரலுக்கென்று ஒரு மைக் தனியாக நின்றது. ஆள் இல்லாத குறை தெரியக்கூடாதென்று அதற்கு மல்லிகைச் சரம் சுற்றி வைத்திருந்தார்கள். டூயட் வந்தால், இப்போது ஆண் குரலுக்கு மாறியிருந்த தலைவரின் தங்கை மகன் அந்த மைக் கம்பியின் பக்கம் திரும்பி, கண்ணைச் செருகி, கையை நீட்டி உருகுவான். கம்பி, ஒலிபெருக்கியில் வந்த என் அக்காவின் குரலில் பதில் சொல்லும். தெருவில் பாடுவது யாரென்று தெரியாதவர் எவரும் இல்லை, மறுநாள் காலையில் குழாயடியில் "ராத்திரி பொம்பளக் கொரலு யாருதாம்?" என்று என் அம்மாவிடமே கேட்டார்கள். தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்துக்கொள்வதில் எங்கள் தெருவை மிஞ்ச ஆள் கிடையாது. அடுத்த வருசமும் வந்தது, அதற்கடுத்த வருசமும் வந்தது, அக்கா அதே அறையில் அதே அண்டாக்களுக்கு நடுவில்தான் நின்றாள்.

இப்படியே உள்ளூரில் ஏமாற்றிக்கொண்டிருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் பக்கத்துக் கிராமமான பரளச்சிக்காரர்கள் தங்கள் ஊர்ப் பொங்கலுக்குக் கூப்பிட்டார்கள். தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆர்கெஸ்ட்ராவை நூல் லாரியில் ஏற்றினார். அப்பா, அக்கா, நான் மூன்று பேரும் டிரைவர் பக்கத்தில். அக்கா அன்றைக்குப் பச்சைத் தாவணியைக் கட்டியிருந்தாள். யார் பார்க்கப்போகிறார்கள் என்று அம்மா கேட்டதற்கு, "புது ஊருல்ல, அங்க நம்மள யாருக்கும் தெரியாது. மேடையில நிக்கச் சொன்னாலும் சொல்லுவாக" என்றாள்.

இரண்டு டிராக்டர் டிரெய்லர்களைச் சேர்த்து நிறுத்தி மேடை போட்டிருந்தார்கள். அதன் பின்னால் நாலு பக்கமும் ஓலைத்தட்டி கட்டி அக்காவுக்கு ஒரு கூண்டு. பருத்தி எடுத்த கையோடு குளித்துவிட்டு வந்த சனம் தரையில் உட்கார்ந்திருந்தது. பாட்டுக் கேட்கவென்றே வந்த சனம். தலைவர் கதையை ஆரம்பித்தார். கதாநாயகி பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பியபோது முன்னால் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதைத் தட்டி இடுக்கு வழியாக நானும் பார்த்தேன். பிறகு அக்கா பாடினாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாகப் பாடி நான் கேட்டதில்லை. பாட்டு பாதிகூடத் தாண்டவில்லை, முன்வரிசையில் தலையில் துண்டு கட்டியிருந்த ஒருவர் எழுந்து நின்றார்.

"ஏலே, இது டேப்புடா. ஒரு பொம்பளையையும் காணோம், இம்புட்டுச் சுத்தமா எங்கிட்டிருந்துலே கொரலு வருது? ஆளக் காட்டச் சொல்லு."

அவ்வளவுதான், கூட்டம் பிடித்துக்கொண்டது. "ஆளக் காட்டு, ஆளக் காட்டு" என்று நாலு திசையிலும் சத்தம். டேப் ரிக்கார்டரைத் தேடிக்கொண்டு இரண்டு பேர் மேடைக்குப் பின்னால் வர, எங்கள் ஆட்கள் கையைக் கோத்துக்கொண்டு தட்டியை மறித்து நிற்க, சனத்துக்குத் திருட்டு உறுதியாகிவிட்டது. தலைவர் வியர்த்து வழிய உள்ளே வந்தார். அக்கா அதற்குள் முகத்தைத் துடைத்து, பொட்டைச் சரிசெய்து, தாவணியை இழுத்துச் செருகித் தயாராக நின்றாள்.

"நான் வாரேன் மாமா. ஒரு பாட்டு முன்னால நின்னு பாடிட்டா நம்பிருவாக."

தலைவர் அவளைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். தலைவர் மேடைக்குத் திரும்பிப்போய் மைக்கைப் பிடித்தார். கூட்டம் அடங்கியது. என் அக்காவை ஊருக்கு அறிமுகம் செய்யப்போகிறார் என்றே நான் நினைத்தேன். அவளும் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"பெரியோர்களே, ஒங்ககிட்ட மறைக்க விரும்பல. மதுரையில இருந்து வரவேண்டிய பாடகிக்குத் தொண்ட கட்டிருச்சு. அதுனால டேப்புத்தான் போட்டோம். பெரிய மனசு பண்ணி மன்னிக்கணும்."

பொய்யன் என்று பட்டம் வாங்கினாலும் வாங்கலாம், எங்கள் தெருப் பெண்ணின் முகம் வெளியே தெரியக்கூடாது. உயிரோடு, மூச்சோடு, மூன்றடி தூரத்தில் நிற்கிற ஒருத்தியை இல்லை என்று சொல்ல அந்த மனிதருக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. அக்கா எடுத்து வைத்த காலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே கோபப்படுவார்கள் என்று பார்த்தால் சிரித்தார்கள். "அப்பிடி ஒத்துக்கிட்டாச் சரி" என்றார் துண்டுக்காரர். யாரோ பின்னாலிருந்து, "டேப்பு நல்லாருக்குய்யா, அதையே போடு" என்றார்கள்.

தலைவர் தட்டிக்குள் தலையை மட்டும் நீட்டினார். "பாடுத்தா. டேப்பக் கேக்குறாக."

அக்கா மைக்கை எடுத்தாள். ஒருமுறை முகர்ந்து பார்த்தாள். பிறகு அதன் சுவிட்சை அமுக்கி அணைத்து, என் மடியில் வைத்தாள். தலைவர் கொஞ்ச நேரம் கெஞ்சினார், அதட்டினார், அப்பாவை விட்டுச் சொல்லச் சொன்னார். கடைசியில் மேடையேறித் தலைவர் சொன்ன அறிவிப்பு அவருடைய எல்லாக் கதைகளையும்விட நன்றாக எடுபட்டது. "டேப்பு சிக்கிருச்சு" என்றார்.

திரும்புகிற லாரியில், "மானத்தக் காப்பாத்திட்டோம்" என்று அவர் பின்னாலிருந்த எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். யாருடைய மானம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அக்கா பாடவில்லை. ராட்டையிலும் இல்லை, பாளையம்பட்டிக்குக் கல்யாணமாகிப் போய்ப் பிள்ளைகளைத் தூங்கவைத்தபோதும் இல்லை. ஆர்கெஸ்ட்ராவும் கொஞ்ச நாளில் கலைந்தது. நாட்டுக்கு அதனால் நஷ்டம் எதுவும் இல்லை.

இந்த வருசம் தலைவரின் பேரன் அதைத் தூசி தட்டி எடுத்திருக்கிறான். கல்யாண மண்டபத்தில் குளிர்சாதன வசதியோடு, பெரிய திரையோடு, "திரையும் கதையும்" என்று ஒரு சாயங்காலம். அக்காவை வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். பெண் பிள்ளைகள் முன்னால் நின்று பாடுகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தது. மற்றதெல்லாம் பழைய கதைதான். கிட்டார்க்காரப் பையன் முடியை ஒதுக்கக் கையை எடுத்தான், கிட்டார் தன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. அத்தனை வாத்தியமும் ஒரு லேப்டாப்பிலிருந்து வந்துகொண்டிருக்க, அத்தனை பேரும் வாசிப்பதாகத் தலையை ஆட்டினார்கள். மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தும் ஒருவர்கூட எழுந்து நிற்கவில்லை. பரளச்சியில் சினிமாப் பாட்டுக் கேட்க மண்ணில் உட்கார்ந்தவர்களுக்கு இருந்த காது, இங்கே சோபாவில் உட்கார்ந்தவர்களுக்கு இல்லை.

பிறகு ஜிப்பா போட்ட ஒருவர் வந்து பின்னணி இசையோடு சங்கத்தின் கதையைச் சொன்னார். சீரியல் பல்பு சுற்றிய தலைவரின் படம் திரையில் வந்தது. அந்தக் காலத்திலேயே நம் வீட்டுப் பெண்களை மேடையேற்றி அழகு பார்த்த புரட்சியாளர் அவர் என்றார். பாட்டன் சினிமாக் கதைகளுக்குச் செய்ததைப் பேரனின் ஆட்கள் பாட்டன் கதைக்கே செய்துவிட்டார்கள். அன்று மேடையில் பாடிய தனலட்சுமி அம்மாள் இங்கே வந்திருக்கிறார், பொன்னாடை பெற வரவேண்டும் என்று பேரன் அறிவித்தான்.

கடைசிக்கு முந்தின வரிசையில் அக்கா காராச்சேவு தின்றுகொண்டிருந்தாள். நெஞ்சில் ரிப்பன் குத்திய ஒரு பையன் ஓடிவந்து, "அம்மா, ஒங்களத்தான் கூப்பிடுறாக, வாங்க" என்றான்.

"டேப்பு எந்திரிச்சு வருமாப்பா?" என்றாள் அக்கா.

பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. மேடைக்குப் போய்ப் பேரன் காதில் ஏதோ சொன்னான். பேரன் கொஞ்சமும் தயங்காமல் மைக்கைப் பிடித்து, அம்மாவுக்கு முழங்கால் வலியாம், பொன்னாடையை வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம் என்றான். எல்லாரும் கைதட்டினார்கள். பாட்டன் சொத்தோடு அந்தத் திறமையும் சேர்ந்து வந்திருக்கிறது.

பாளையம்பட்டிக்கு டவுன் பஸ் ஏறினோம். நான் வழியெல்லாம் வைதுகொண்டே வந்தேன். தலைவரை, பேரனை, ஜிப்பாவை, வாயைத் திறக்காத எங்கள் அப்பாவை, கடைசியில் பரளச்சியில் எழுந்து நின்று எல்லாவற்றையும் கெடுத்த அந்தத் துண்டுக்காரரையும். இத்தனை வருசமும் அவரையும் சேர்த்தேதான் வைதிருக்கிறேன். அக்கா அதுவரை சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"அவர வையாதடி. ஆளக் காட்டுன்னு என்னயப் பாக்கக் கேட்டது அவரு ஒருத்தருதான். அந்த மனுசனுக்காவது வெளிய வந்து நின்னு பாடியிருக்கணும்."