கண்ணை மூடி அழுத்திய பொத்தான்

அப்போது தட்டாஞ்சாவடியில் ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் டிசைனராக இருந்தேன். கடலிலும் வயலிலும் வேலை செய்கிறவர்களுக்காக ஒரு ரிமோட் செய்துகொண்டிருந்தோம். செல்போன் தண்ணீர் புகாத பைக்குள் இருக்கும். மார்பில் வார் போட்டுக் கட்டிய ரிமோட்டை அழுத்தினால், காதில் மாட்டிய இயர்போன் வழியாக, ஒயர் இல்லாமலே, கடைசியாகப் பேசியவரோடு பேசலாம். பேச, துண்டிக்க, சத்தம் கூட்ட, குறைக்க என்று நான்கு பொத்தான்கள். எல்லாம் ஒரே அளவு, பார்க்க அழகு. வாளித் தண்ணீரில் முக்கினோம், மாடியிலிருந்து போட்டோம், ஒன்றும் ஆகவில்லை.

கடலில் சோதிக்க, குருசுக்குப்பத்து மீனவர் ஒருவரின் பைபர் படகில் போனேன். எனக்கு நீச்சல் தெரியாது. கூட வேலை செய்த தோழி கரையில் செல்போனோடு நின்றாள்.

திரும்பும்போது இன்ஜின் நின்றுவிட்டது. அவர் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். கரையோரம் கொட்டியிருந்த கருங்கற்களை நோக்கி அலை எங்களைத் தள்ளியது.

"கல்லுல அடிச்சா இந்தப் போட்டு தாங்காது. அந்தப் பொண்ணுக்குப் போன் போடும்மா, வேற போட்டு அனுப்பச் சொல்லு," என்றார். குரல் உயரவே இல்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

உப்புத்தண்ணீர் அடித்துக் கண் திறக்க முடியவில்லை. தடவிப் பார்த்தால் நான்கும் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றை அழுத்தினேன், காதில் சத்தம்தான் கூடியது. அடுத்ததில் ரிங் போனது. "சொல்லுடி," என்று தோழி கேட்ட நொடியில் படகு குலுங்க, என் கை மார்பில் மோதி லைன் அறுந்தது.

அவளே திரும்பக் கூப்பிட்டாள். காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. தப்பான பொத்தானைத் தொட்டுவிடுவேனோ என்று விரல் அசையவில்லை. பிறகு வார் தொடங்கும் இடத்தைத் தடவிப் பிடித்து, அதற்கு அடுத்திருந்த பேசும் பொத்தானை அழுத்தினேன்.

"இன்ஜின் நின்னுடுச்சு. கல்லுகிட்ட போறோம். போட்டு அனுப்பு."

கல்லின் பாசி கண்ணுக்குத் தெரிந்தபோது இன்னொரு படகிலிருந்து கயிறு வந்து விழுந்தது. கரையில் இறங்கியும் ரிமோட்டைப் பற்றியிருந்த என் விரல்களைத் தோழிதான் பிரித்துவிட்டாள்.

அடுத்த மாதிரியில் பேசும் பொத்தான் பெரிதாக, உள்ளங்கையால் அழுத்தும்படி புடைத்து நின்றது. துண்டிப்பதைப் பக்கவாட்டில் பள்ளத்துக்குள் வைத்தோம். பார்க்க நன்றாக இல்லை என்றார் மேனேஜர்.

"கண்ண மூடிக்கிட்டு அழுத்திப் பாருங்க சார்," என்றேன். அழுத்தினார். சரி என்றார்.

அதைச் சோதிக்கவும் நானே போனேன், அதே படகில். இன்ஜின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் மீனவரின் முகத்தைத்தான் பார்த்தேன்.