அவனும் அவரும்

எங்கள் வீட்டுச் சமையலறையில் என் தையல் மிஷின் நின்ற மூலையில் இப்போது 'அவன்' நிற்கிறான். கேக் சுடும் பெட்டிக்கு ஆங்கிலத்தில் அதுதான் பேராம். என் கொழுந்தன் மனைவி, அதாவது என் ஓரகத்தி, கல்யாணமாகி வந்த வருடமே அதை வாங்கிக்கொண்டு வந்து, "அக்கா, வெளிச்சமும் ப்ளக்கும் இந்த மூலையிலதான் இருக்கு. உங்க மிஷினக் கொஞ்சம் தள்ளிக்கலாமா?" என்று கேட்டாள். கொஞ்சம் என்றவள் படுக்கையறை வரைக்கும் தள்ளிவிட்டாள். அன்று எனக்கு வந்த கோபத்தில் பெட்டியே இல்லாமல் என் தலைமேல் வைத்து ஒரு கேக் சுட்டிருக்கலாம்.

பெட்டிக்குப் பேர் அப்படி அமைந்துவிட்டதால் வீட்டில் பேச்சே மாறிப்போயிற்று. "அவன் சூடாயிட்டானா?" "அவனைத் திறக்காதீங்க, எல்லாம் பாழாயிடும்." "இன்னிக்கு அவனுக்கு என்ன வந்துச்சுன்னே தெரியலக்கா, ஒரு பக்கமா எரிஞ்சு விழறான்." இதையெல்லாம் ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்த மாடிவீட்டு அம்மா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் கொழுந்தன் பார்க்க சாதுவா இருக்கானே, வீட்டுக்குள்ள அப்படியா?" என்று கவலையோடு விசாரித்தார். நான் உடனே விளக்கம் சொல்லவில்லை. மிஷின் போன ஆத்திரம் எனக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

ஓரகத்திக்கு நான் வைத்த பேர் பொங்குமா. மாவுக் கலவையை உள்ளே வைத்த நிமிடத்திலிருந்து கண்ணாடிக் கதவு முன்னால் குந்திக்கொண்டு, "பொங்குமாக்கா? பொங்காதாக்கா?" என்று கேட்டு உயிரை வாங்குவாள். எனக்கு எப்படித் தெரியும்? நான் ஜாக்கெட் தைக்கிறவள். ஆனாலும், "பொங்கும், பொங்கும், எழுந்து போய் முகத்தைக் கழுவு" என்பேன்.

சில நாள் பொங்கியது. மழை பெய்த ஒரு மத்தியானம் கனிந்துபோன வாழைப்பழத்தைப் பிசைந்து போட்டு ஒரு கேக் சுட்டாள் பாருங்கள், தெருவே மூக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தது. சில நாள் பொங்கவில்லை. ரொட்டி என்று அவள் முதன்முதலில் சுட்டதைக் காற்றில் அடித்துக்கொள்ளும் பின்கதவுக்கு முட்டுக் கொடுத்தோம். பிஸ்கட்டுகளைத் தனித்தனியாகத்தான் தட்டில் அடுக்கினாள், உள்ளே போனதும் உருகி ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு கூட்டுக்குடும்பமாக வெளியே வந்தன. "அவன் சரியில்லக்கா" என்றாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான் பதில் சொன்னேன். பிறகுதான் தெரிந்தது, கூடமும் கொஞ்சம் கோணல்தான். அவனுக்கு இடது பக்கப் பின்மூலையில் சூடு அதிகம். அதனால் பாதி வெந்ததும் கதவைத் திறந்து தட்டைச் சட்டென்று திருப்பி வைக்கவேண்டும். சீக்கிரம் திறந்தால் கேக் நடுவில் உட்கார்ந்துவிடும், திறக்காமலே விட்டால் மூலை தீய்ந்துவிடும். புகுந்த வீட்டில் வாயைத் திறப்பது மாதிரிதான், நேரம் பார்த்துத் திறக்கவேண்டும்.

இதெல்லாம் அவளுக்குப் பெரிய வருத்தமாக இருந்ததில்லை. விழுவாள், எழுந்து மறுபடி மாவு சலிப்பாள். அவளை உண்மையில் உலுக்கியது அந்த உப்பு விவகாரம்.

பொடித்த சர்க்கரையும் தூள் உப்பும் ஒரே மாதிரி டப்பாக்களில் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில் கை மாறிவிட்டது. கேக் என்னவோ அழகாகத்தான் எழும்பியிருந்தது. முதல் துண்டு வழக்கம்போல எங்கள் மாமனாருக்குப் போயிற்று. அவர் கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க அடுத்தவர் சொன்ன தீர்ப்பை எழுதியே பழகியதால் சொந்தமாக ஒரு தீர்ப்பும் சொல்ல வராது. துண்டு முழுவதையும் மென்று விழுங்கிவிட்டு, "நல்லாருக்கும்மா" என்றார். பிறகு எழுந்து போய்ச் சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். அடுத்து கொழுந்தன் சாப்பிட்டான். "சூப்பர்" என்றான், கண் கலங்கியிருந்தது. கடைசியாகத் தன் பங்கை வாயில் போட்ட பொங்குமா அப்படியே தொட்டிக்கு ஓடினாள்.

"என்ன மாமா இது! உப்புக் கரிக்குது! வாயத் திறந்து சொல்லக்கூடாதா?"

"நீ ஆசையாச் செஞ்சேம்மா" என்றார் மாமனார் பாவமாக.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எங்கள் நாக்கு அவளை மறக்க ரொம்ப நாளாயிற்று. அவளோ சிரிக்கவே இல்லை. கொடியில் துணி காயப்போடும்போது என்னிடம் வந்து நின்றாள். "அக்கா, அப்போ இத்தனை நாளா நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொன்னதெல்லாம்?" என்றாள். நான் எதற்கும் 'பரவாயில்ல' என்பதற்கு மேல் சொன்னதில்லை, அதனால் என்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. "உறவுல இல்லாத ஒருத்தங்க கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, உள்ளதைச் சொல்லணும். நல்லாருக்குன்னா செய்யறேன். இல்லன்னா இவனைத் தூக்கிப் பரண்ல போட்டுடறேன். நீங்க உங்க மிஷினக் கொண்டாந்து வெச்சுக்கோங்க." சொல்லிவிட்டு ஈரத் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மூலை எனக்குத் திரும்பக் கிடைக்கப்போகிறது. சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். ஏனோ படவில்லை.

அந்த உறவில்லாத ஆள் சீக்கிரமே வந்தாள். ஒரு நர்ஸ். அவள் வேலை பார்க்கும் வார்டுக்கு யாரோ கொண்டுபோன பொங்குமாவின் கேக்கைச் சாப்பிட்டுவிட்டு, நம்பர் வாங்கிப் போன் பண்ணினாள். ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் கேட்டோம்.

"எங்க மாமாவுக்குப் பிறந்தநாளுங்க. கேக்குல 'மாமா'ன்னு பெரிசா எழுதிடுங்க. அப்படிக் கூப்பிடலைன்னா அவருக்குக் கோவம் வந்துடும்" என்று சிரித்தாள்.

"எழுதிடறேங்க. வேற எப்படி இருக்கணும்?"

"மெத்துனு இருக்கணும். பாவம், அவருக்கு முன்பல்லெல்லாம் விழுந்துடுச்சு. இனிப்பும் கம்மியாப் போடுங்க, டாக்டர் திட்டறார்."

"சரிங்க. அவருக்கு என்ன பிடிக்கும்?"

"பேப்பர்தான். நாள் முழுக்கப் பேப்பரும் கையுமாத்தான் உக்காந்திருப்பார். சாப்பாட்டு விஷயத்துல மட்டும் ரொம்பப் பிடிவாதம். பிடிக்கலைன்னா முகத்துக்கு நேரா சொல்லிடுவார். சில சமயம் துப்பிடுவார். நீங்க தப்பா எடுத்துக்காதீங்க."

போனை வைத்த பொங்குமாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! "கேட்டீங்களாக்கா? முகத்துக்கு நேரா சொல்லிடுவாராம்!" என்று குதித்தாள். துப்பப் போகிறவருக்காக இப்படிச் சந்தோஷப்பட்டவளை நான் பார்த்ததில்லை. வயதைக் கேட்டிருக்கலாமே என்றேன். "பெரியவங்க வயசை எப்படிக்கா கேக்கறது? மரியாதையா இருக்காது" என்றாள்.

மாமா என்றால் எங்கள் இருவருக்கும் ஒரே முகம்தான். கேக்மேல் மாமாவின் முகத்தையே வைத்துவிடுவது என்று முடிவு செய்து, மாமனாரை நாற்காலியில் உட்காரவைத்து அசையக்கூடாது என்று சொல்லிவிட்டாள். அவர் தலையை வாரி, மீசையை முறுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வட்ட முகம், கறுப்புச் சாக்லேட்டில் மூக்குக்கண்ணாடி, சாக்லேட் கிரீமில் புசுபுசுவென்று மீசை, கீழே சர்க்கரை மாவில் விரித்துவைத்த செய்தித்தாள். காகிதத்தில் படம் போட்டுப் பார்த்தபோதே மாமனாரின் சாயல் அச்சாக வந்துவிட்டது. "மூக்கு கொஞ்சம் பெரிசா இல்ல?" என்று கேட்டார் அவர். பொங்குமா மீசையை இன்னும் புசுபுசுவாக்கினாள்.

முதலில் வைத்த கேக் போயிற்று. கொழுந்தன் ஆபீஸ் போகும் அவசரத்திலும் "எப்படி வருதுன்னு பாக்கறேன்" என்று கதவைத் திறந்துவிட்டான். பொசுக்கென்று நடுவில் குழி. பொங்குமா கத்தவில்லை, அழவும் இல்லை. மறுபடி மாவு சலித்து, முட்டையை நுரைக்க அடித்து, இரண்டாவதை உள்ளே வைத்தாள். வைத்தவள் அவனுக்கு முன்னால் காவலுக்கு உட்கார்ந்துவிட்டாள். யாரையும் கிட்டே விடவில்லை, தன்னையும் விட்டுக்கொள்ளவில்லை. திறந்தால் இதுவும் உட்கார்ந்துவிடுமோ என்ற பயத்தில் தட்டைத் திருப்பாமலே விட்டுவிட்டாள். கேக் கோபுரமாக எழுந்து வந்தது. ஓரத்தில் லேசாகக் கறுத்திருந்ததைச் சீவியெடுத்துக் கிரீம் பூசினாள். அடிப்பக்கத்தைப் பார்க்காமலே அட்டைமேல் இறக்கிவிட்டதால் அங்கே என்ன நடந்திருக்கிறது என்று தெரியாது. அன்று எங்கள் சமையலறையில் ஈ கூட மெதுவாகத்தான் பறந்தது.

கேக்கை நானும் அவளுமாகக் கொண்டுபோனோம். நான் எதற்கு என்று கேட்டேன். "துப்பினா அழுவேன். கூட ஆள் வேணும்" என்றாள். பெட்டியைக் கைக்குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். படியேறி மணியடித்தோம். கதவைத் திறந்தது ஒரு பொடியன். கையில் காகித ராக்கெட்.

"மாமா இருக்காங்களா தம்பி?" என்று குனிந்து கேட்டாள் பொங்குமா.

"நான்தான் மாமா" என்றான் அவன். முன்பல் ஒன்றுகூட இல்லை.

அவள் சிரித்தாள், விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று. அதற்குள் நர்ஸ் வந்து, "வாங்க வாங்க, இவர்தான் நான் சொன்ன மாமா" என்றாள். "எங்க சின்னத் தாத்தாவுக்கு ரொம்ப வருஷம் கழிச்சுப் பொறந்தவர். எங்கம்மாவுக்குத் தம்பி முறை. அப்போ எனக்கு மாமாதானே? பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பவே மாட்டார்." கூடம் முழுக்க ராக்கெட்டுகள் இறைந்து கிடந்தன. பேப்பரும் கையுமாக இருப்பவர்தான், பொய்யில்லை.

எங்கள் வீட்டில் ஒரு பெட்டிக்கு 'அவன்', இவர்கள் வீட்டில் ஒரு வாண்டுக்கு 'அவர்'. நான் பொங்குமாவைப் பார்த்தேன். அவள் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அக்கா, திறக்க வேண்டாம்க்கா, போயிடலாம்" என்று என் காதில் சொன்னாள். ஆனால் மாமா அதற்குள் பெட்டியின் நாடாவை அவிழ்த்துவிட்டார்.

மூக்குக்கண்ணாடியும் மீசையுமாக எங்கள் மாமனார் அண்ணாந்து பார்த்தார். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். பையன் மட்டும் சிரிக்கவில்லை.

"இது யாரு?"

பொங்குமா தொண்டையைச் செருமினாள். "நீங்கதான் மாமா" என்றாள், மரியாதை குறையாமல்.

அவன் கேக்கைப் பார்த்தான். தன் மேலுதட்டைத் தடவிப் பார்த்தான். "எனக்கு மீசையா!" என்றான். முகம் முழுக்க ஓட்டைச் சிரிப்பு. விளையாட்டுக்கு மாமா மாமா என்று கூப்பிட்டவர்கள் நிறையப் பேர், மீசை வைத்துவிட்டவள் இவள் ஒருத்திதான். மீசை தனக்கு, கண்ணாடியும் தனக்கு என்று சொல்லி, மீசையோடு சேர்த்து ஒரு பெரிய துண்டை வெட்டி வாங்கினான். கடித்தான். மென்றான். பொங்குமா மூச்சு விட்டதாக எனக்கு நினைவில்லை.

"மீசை நல்லாருக்கு. உள்ள மெத்துனு இருக்கு" என்றவன், துண்டைத் திருப்பிப் பார்த்தான். "கீழ தீஞ்சு போச்சு."

"மாமா! அப்படியெல்லாம் சொல்லக்கூடாது" என்று பதறினாள் நர்ஸ்.

"சொல்லட்டும், சொல்லட்டும்" என்று பொங்குமா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எங்க தீஞ்சிருக்கு? காட்டுங்க."

காட்டினான். அவள் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தாள். "ஆமா. தீஞ்சுதான் போச்சு. தட்டைத் திருப்பியிருக்கணும்" என்று அவனிடம் கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். தீய்ந்ததைக் கிள்ளி ஒதுக்கிவிட்டு மிச்சத்தை அவன் காரியமே கண்ணாகச் சாப்பிட்டு முடித்தான். காலித் தட்டை நீட்டினான்.

"இன்னொண்ணு."

வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரே பேச்சு. "தீஞ்சு போச்சுன்னு சொன்னான்க்கா! சொல்லிட்டு இன்னொண்ணும் கேட்டான்க்கா!" பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளைகூட இப்படி வராது. வீட்டு வாசலிலேயே கொழுந்தனுக்கும் மாமனாருக்கும் நடித்துக் காட்டினாள். மாடிவீட்டு அம்மாவுக்கும் சேர்த்துச் சொன்னாள். நான் போய்ப் படுக்கையறையில் மிஷினுக்கு அடியில் காலாடாமல் இருக்க ஒரு அட்டையை மடித்து வைத்தேன். இனி அதற்கு அதுதான் இடம்.

எல்லோரும் சிரித்தபோது மாமனார் மட்டும் உம்மென்று இருந்தார். தன் முகத்தை ஒரு பொடியன் தின்றதிலா, அவன் சொன்னதை இவள் இப்படிக் கொண்டாடுவதிலா தெரியவில்லை. மறுநாள் அவள் சின்னதாக ஒரு கேக் சுட்டு முதல் துண்டை அவரிடம் நீட்டினாள். அவர் மென்றார். சொம்புப் பக்கம் போகவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கொஞ்சம் காஞ்சிருக்கும்மா" என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் தீர்ப்பு. "அந்த உப்புக் கேக்கு, கொடுமை."

பொங்குமா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாமனார் தட்டை நீட்டினார்.

"இன்னொண்ணு குடு."