தவளையும் தண்ணீரில் மூழ்கும்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், உப்புப் போடாமல் வேகவைத்த சிறுகீரையைக் கிண்ணத்தில் ஆற வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் நிலத்தில் வேலை பார்க்கும் எல்லப்பன் வாசலில் வந்து நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டார்.

"ஐயா, மேட்டுக் கெணத்தாண்ட கொஞ்சம் வரணுங்க."

"இன்னாடா, மோட்டார் எரிஞ்சி போச்சா?"

"மோட்டார் இல்லீங்க. ராஜம்மா பொண்ணுங்க. சலோமி. உள்ள வுழுந்து கெடந்துச்சிங்க. எடுத்துப் போட்டுகீறோம்."

நான் கிண்ணத்தை மாடத்தில் வைத்து ஒரு தட்டால் மூடினேன். மூடாவிட்டால் ஈ விழும். ஈ விழுந்த கீரையைச் சலோமி தலைப்பிரட்டைகளுக்குப் போட விடமாட்டாள். அன்று இரண்டு மணிக்கு அவள் வருவதாக இருந்தது.

ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவுத் தோழிகளே, வெள்ளிக்கிழமை இரங்கல் கூட்டத்தில் வாசிக்க இரண்டு பக்கம் எழுதி வரும்படி வகுப்பாசிரியை என்னிடம் சொன்னதை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். அதற்குப் பிறகு தனியாகக் கூப்பிட்டு, "நல்ல வார்த்தையா எழுதும்மா. எப்படிப் போனான்னு விவரமெல்லாம் வேணாம். தீராத வயிற்று வலியால்னு ஒரு வரி போதும்" என்றார். அந்த இரண்டு பக்கத்தை எழுதிவிட்டேன், பையில் இருக்கிறது. இது வேறு. எல்லோரும் படுத்த பிறகு சமையலறையில் சிம்னி விளக்கைத் தரையில் வைத்து இதை எழுதுகிறேன். கூடத்தில் அப்பா இருமும்போதெல்லாம் தாளைத் தாவணிக்குள் மறைக்க வேண்டியிருக்கிறது.

சலோமியும் நானும் ஒரே ஊர். அவள் காலனி, நான் ஊர்த்தெரு. அவள் அம்மா ராஜம்மா எங்கள் வயலில் களை எடுப்பவர், காலையில் எங்கள் மாட்டுக் கொட்டகையைக் கூட்டுபவர். அதனால் பஸ்ஸுக்கு நிற்கும்போது சலோமி என்னை "பாப்பா" என்றுதான் கூப்பிடுவாள், கொஞ்சம் தள்ளித்தான் நிற்பாள். சாலவாக்கம் பஸ் எங்கள் ஊர் எல்லைக் கல்லைத் தாண்டியதும் என் பக்கத்தில் வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்து, "தள்ளுடி கமலா, ஒங்கப்பன் வூட்டு பஸ்ஸா இது" என்பாள். சாயங்காலம் திரும்பும்போது அதே கல்லண்டை எழுந்து நின்றுகொள்வாள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவளுக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்டதில்லை.

தலைப்பிரட்டை வளர்ப்பது அவள் யோசனை. போன வருடம் அறிவியல் கண்காட்சிக்கு எல்லோரும் அட்டையில் தவளையின் வாழ்க்கைச் சுழற்சியை வரைந்தபோது அவள், "படம் எதுக்கு மிஸ், உசுரோடவே காட்டலாமே" என்றாள். குட்டையிலிருந்து மொண்டு வந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் விட்டு, பள்ளிக் குழாயில் புதுத் தண்ணீர் பிடித்து ஊற்றினாள். அழுக்குத் தண்ணீரில் இருந்ததற்குச் சுத்தமான தண்ணீர் கொடுத்தோம் என்று சந்தோஷப்பட்டோம். மறுநாள் காலையில் எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. பள்ளித் தண்ணீர்த் தொட்டியில் அன்றுதான் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள். நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அவள் பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டு, "நமக்கு நல்ல தண்ணி, அதுக்கு வெஷம். அதாண்ட கேக்காம ஊத்திட்டேன்" என்றாள்.

இரண்டாவது முறை அவற்றைக் காலனியில் அவள் வீட்டு வாசலில், ஒரு பழைய சோற்றுப் பானையில் வளர்த்தாள். அந்தத் தடவை எல்லாம் நன்றாக வந்தன. கீரையைக் குழைய வேகவைத்து நகக்கண் அளவு போட வேண்டும், சோறு போட்டால் தண்ணீர் நாறும், தண்ணீரைப் பாதிதான் மாற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வந்து பஸ்ஸில் சொல்வாள். பின்கால் வந்தது. ஒரு திங்கட்கிழமை, "கமலா, முன்னங்காலும் மொளச்சிடிச்சி, இனிமே தவளதான்" என்றாள். சந்தோஷத்தில் பானையை விளிம்பு வரை நிரப்பினாளாம், நன்றாக நீந்தட்டும் என்று. புதன்கிழமை பஸ் எல்லைக் கல்லைத் தாண்டியும் அவள் என் பக்கத்தில் வரவில்லை. பள்ளி வந்த பிறகு சொன்னாள்: "முழுகிச் செத்துப் போச்சுடி. எல்லாம்."

வகுப்பில் அன்று நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தவளை தண்ணீரில் முழுகுமா என்று ஒருத்தி கேட்டாள். மீனுக்கு ஜலதோஷம் பிடித்ததா என்று இன்னொருத்தி கேட்டாள். ஒரு வாரம் அவளுக்கு 'முழுகுன தவள' என்று பெயர். ஆனால் அவள் சொன்னது உண்மை. முன்னங்கால் வந்ததும் அதற்குத் தண்ணீருக்குள் மூச்சு விட முடியாது. வெளிக்காற்று வேண்டும். பானையின் உள்பக்கம் வழவழவென்று நேராக நிற்கிறது. சுற்றிச் சுற்றி நீந்தி, எங்கும் கால் வைக்க இடமில்லாமல், களைத்துப் போய்தான் அது மூழ்குகிறது. இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. செத்தவற்றைக் கையில் வைத்துப் பார்த்து அவளே யோசித்தாள். "நீந்தத் தெரிஞ்சா மட்டும் பத்தாதுடி. ஏற ஒரு எடம் வேணும்."

இந்த வருடம் ஐப்பசியில், மேலுரம் போட எங்கள் வயலில் தண்ணீரை வடித்தார்கள். நடவாட்களின் கால் பதிந்த பள்ளங்களில் தலைப்பிரட்டைகள் துடித்துக் கிடந்தன. ராஜம்மாவுக்குக் கஞ்சி கொண்டுவந்த சலோமி அந்தத் தூக்குப் பாத்திரத்திலேயே அவற்றை அள்ளிக்கொண்டு எங்கள் கொட்டகைப் பின்பக்க வேலிக்கு வந்தாள். "ஒங்க வூட்ல வெய்டி. எங்க வூட்டு வாசல்ல கோழி வுடாது" என்றாள். என்னிடம் விளிம்பு உடைந்த ஒரு எனாமல் பேசின் இருந்தது. அதைச் சாய்வாக வைத்து, ஒரு பக்கம் ஆழமாகவும் ஒரு பக்கம் ஈரமண்ணாகவும் செய்து, நடுவில் ஒரு உடைந்த ஓட்டுச் சில்லைப் படி மாதிரி சாய்த்து வைக்கச் சொன்னவள் அவள்தான். அதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே, "இன்னும் கொஞ்சம் சாய்டி, ஒன்ன மாதிரி குண்டுத் தவள ஏற வேணாவா" என்று சொல்லிச் சொல்லி என்னை வைத்தே செய்ய வைத்தாள். வேலிக்குள் அவள் வந்ததில்லை.

தண்ணீருக்கு என்ன செய்வது என்பதுதான் கஷ்டமாக இருந்தது. எங்கள் வீட்டுக் குழாயில் பிளீச்சிங் நெடி. வயல் தண்ணீரில் உரம். காலனி அடி பம்பில் உப்பு. மேட்டுக் கிணற்றுத் தண்ணீர் மட்டும் அவற்றுக்கு ஒத்துக்கொண்டது. அது எங்கள் கிணறு. நான் போய்க் கொண்டுவந்திருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் வயதுக்கு வந்த பிறகு தனியாக வயல்காட்டுக் கொல்லைக்குப் போகக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார். அம்மாவிடம் தவளைக்காக என்று சொல்ல எனக்குப் பயம். "நீ சும்மாரு, நான் மொண்டாறேன்" என்றாள் சலோமி. ஞாயிறு மதியம் கொல்லையில் ஆள் இருக்காது. மோட்டார் தண்ணீர் கொட்டும் தொட்டியில் ஒரு குடம் மொண்டு வந்து வேலியண்டை வைத்துவிட்டு, ஆந்தை மாதிரி ஒரு சத்தம் கொடுப்பாள். பகலில் எந்த ஆந்தை கத்தும் என்று நான் திட்டுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கரண்ட் இல்லை. தொட்டி காய்ந்து கிடந்திருக்கும். அவள் குடத்தில் கயிறு கட்டிக் கிணற்றிலேயே இறைக்கப் பார்த்திருக்கிறாள். அந்தக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது, கார்த்திகை மழையில் விளிம்பெல்லாம் பாசி. குடம் கயிற்றோடு தண்ணீரில் மிதந்ததாக எல்லப்பன் சொன்னார்.

ஊரில் எல்லோரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். எங்கள் வாசலில் கூடிய ஆட்களே பேசினார்கள். "ஏரில கரைக்குக் கரை நீஞ்சற பொண்ணு அது. அது எப்பிடி முழுவும்? தானா குதிச்சாத்தான் உண்டு." நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தவளை முழுகுமா என்று நம் வகுப்பில் கேட்ட அதே கேள்வி.

தோழிகளே, அந்தக் கிணற்றில் படி இருந்தது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கருங்கல் படிகள், மேலிருந்து அடிவரை. போன சித்திரையில் காலனிப் பிள்ளைகள் இறங்கிக் குளித்தார்கள் என்று அப்பா அவற்றைச் சம்மட்டியால் உடைத்து எடுக்கச் சொன்னார். "மோட்டார் கீது. இனிமே கெணத்துல யாரு எறங்கணும்?" என்றார். எல்லப்பன்தான் உடைத்தார். நான் அன்று அவருக்கு மோர் கொண்டுபோனேன், பார்த்தேன். இதைச் சலோமியிடம் நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கலாம். தெரிந்துதான் என்னைச் சும்மா இருக்கச் சொன்னாளோ என்னவோ.

சாயங்காலம் எல்லப்பன் கொட்டகைப் பக்கம் அப்பாவிடம் மெதுவாகப் பேசினார். நான் பேசினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவர்கள் பார்க்கவில்லை.

"நகமெல்லாம் பேந்து கீதுங்க. செவுத்துல சுத்தியும் பாசி வழிச்ச கோடுங்க."

அப்பா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "யாராண்டயும் சொல்லிக்கினு இருக்காத. கேட்டா வயித்து வலின்னு சொல்லு" என்றார்.

வந்த போலீஸ்காரர்களும் அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். தீராத வயிற்று வலி. வயிற்று வலி என்று எழுதினால் என்ன அர்த்தம் என்று நம் ஊர்ப்பக்கம் குழந்தைக்கும் தெரியும். தானாகச் செத்தவளைக் கல்லறைத் தோட்டத்துக்குள் வைக்கக் கூடாது என்று சர்ச்சில் சொல்லிவிட்டார்கள். வேலிக்கு வெளியே, ஏரிக்கரைப் பக்கம் வைத்தார்கள். சிலுவை இல்லை. அப்பா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, மேட்டுக் கிணற்றுப் பக்கம் போகவும் இல்லை. ஆனால் சொன்னதை மாற்றவும் இல்லை.

நேற்றுக் காலையில் ராஜம்மா கொட்டகை கூட்ட வந்தார். வராவிட்டால் அடுப்பு எரியாது. பேசினைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இன்னா பாப்பா இது?"

"தலப்பெரட்ட."

"அவளும் இந்தப் பேச்சுதான் பேசிக்கினு கெடப்பா. தூக்கத்துல கூட." விளக்குமாறைக் கீழே வைத்தார். "ஏம் பாப்பா, ஒன்னாண்டயாவது சொன்னாளா? வயித்து வலின்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. நான் பெத்தவ, மொகத்தப் பாத்துக் கண்டுபுடிக்கல."

கூடத்தில் அப்பா இருமினார்.

நான் தலையை ஆட்டினேன். சொன்னாள் என்று ஆட்டினேன்.

ராஜம்மா அழவில்லை. "அப்ப நெசந்தான்" என்று விளக்குமாறை எடுத்துக்கொண்டார்.

இன்று அறிவியல் வகுப்பில் மிஸ் எதற்கோ சொன்னார், குழாய்த் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் திறந்து இரண்டு நாள் வெயிலில் வைத்தால் பிளீச்சிங் நெடி போய்விடும் என்று. நீங்களும் கேட்டீர்கள். நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். என்னால் எழுத முடியவில்லை. எங்கள் வீட்டு முற்றத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை.

பேசினில் இருந்தவற்றில் பெரும்பாலானவை தவளையாகிவிட்டன. வால் சுருங்கும் நாட்களில் அவை எதுவும் தின்னாது, வாலே அவற்றுக்குச் சோறு. "பழச மறந்தாத்தான் பெருசாவும்" என்று சலோமி சொல்லுவாள். இப்போது அழுகிய வாழைப்பழத் தோலில் வரும் சின்ன ஈக்களைப் பிடிக்கின்றன. இரவில் ஒவ்வொன்றாகச் சில்லில் ஏறி, விளிம்பைத் தாண்டி, வேலிப் பக்கம் போய்விடுகின்றன. இன்று மாலை எண்ணியபோது மூன்றுதான் இருந்தன. ஒன்றுக்கு இன்னும் துளி வால் இருக்கிறது.

அவை போன பிறகு அவளுடையதாக என்னிடம் அந்த ஓட்டுச் சில்லு மட்டும் இருக்கும். அவளுக்குக் கிடைக்காமல் போன சில்லும் எங்களிடம்தான் இருக்கிறது. உடைத்து எடுத்த படிக்கல்லில் அகலமான ஒன்றைப் புழக்கடையில் துணி துவைக்கப் போட்டிருக்கிறார்கள். சித்திரையிலிருந்து தினமும் நான் அதன்மேல்தான் என் பள்ளிச் சீருடையைத் துவைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நான் மற்ற இரண்டு பக்கங்களைத்தான் வாசிப்பேன் என்று நினைக்கிறேன். எனக்கு என்னைத் தெரியும். அதனால் இதை நம் வகுப்பு அலமாரியில், அவளுடைய அறிவியல் நோட்டுக்குள் வைத்துவிடுகிறேன். நோட்டை அவள் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். ராஜம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. காலனியிலிருந்து வரும் உங்களில் யாராவது இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். முழுவதும் வேண்டாம் என்றால் கடைசி வரியை மட்டும், கல்லறைத் தோட்டத்துக் கதவைத் திறக்கிறவர்களுக்கும் கேட்கும்படி வாசியுங்கள்.

நான் பொய்யாகத் தலையாட்டினேன், சலோமிக்கு வயிற்று வலி இருந்ததே இல்லை.