வெளியே தேடுகிறவர்கள்

மாதாப்பூர் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு என்றால் எங்களுக்கு ஒரு தொடரைப் பற்றிய பேச்சுதான். அதில் மூடுபனி சூழ்ந்த சின்ன ஊர். எந்தச் சாலையில் வெளியேறினாலும் அதே ஊருக்குள் கொண்டுவந்து விட்டுவிடும். உள்ளே அகப்பட்டவர்கள் எப்படித் தப்புவார்கள் என்று ஆளுக்கொரு கணக்குப் போடுவோம். செகந்திராபாத் தமிழரான எங்கள் டீம் லீடர் மேடம் மட்டும் சாதத்தைப் பிசைந்தபடி ஒரே கேள்வியைக் கேட்பார்: "அதெல்லாம் சரிப்பா, வெளியில இருக்கிறவங்க தேடுறாங்களா இல்லையா? அதை ஏன் காட்ட மாட்டேங்கிறான்?"

"நக்கோ மேடம், வேணாம், அழுகாச்சி சீரியலாயிடும்" என்பான் பக்கத்து இருக்கைக்காரன். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். "நீங்களே அந்த ஊர்ல மாட்டினவங்கதான். மௌலா அலியில இருந்து தினம் ரயிலேறி, பஸ் மாறி... கைக்கு மேடம், எதுக்கு? இங்கயே வீடு பாருங்க." மேடமும் சேர்ந்து சிரிப்பார்.

ஒருநாள் தேநீர் வாங்கும்போது ஏன் வீடு மாறவில்லை என்று நானும் கேட்டுவைத்தேன். மேடத்தின் தம்பி, அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு கல்லூரி நாளிலேயே வீட்டைவிட்டுப் போனவன், திரும்பவேயில்லையாம். அம்மாவும் அப்பாவும் காலமாகிவிட்டார்கள். "அவனுக்குத் தெரிஞ்ச விலாசம் அந்த வீடு ஒண்ணுதான்ப்பா" என்றார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். படிப்புதான் என்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது. ஒருநாள் நான் பேசாவிட்டால் அம்மாவுக்குச் சோறு இறங்காது. அதன் பிறகு என்னால் அந்தக் கேலியில் சேர முடியவில்லை.

தொடரைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். "ஏமாத்திட்டானுங்க" என்று ஒரு வாரம் கொதித்துவிட்டு நாங்கள் வேறொரு தொடருக்குப் போய்விட்டோம். "முடிவே சொல்லாம எப்படிப்பா விடுவாங்க?" என்று மேடம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

போன மாதம் உரிமையாளர் மேடம் குடியிருந்த மௌலா அலி வாடகை வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்துவிட்டார். மேடம் கெஞ்சியும் பலனில்லை. எதிரிலேயே ஒரு வீடு பார்த்துக் குடிபோனார். புது வீட்டில் சாமான்களை அடுக்கிக்கொடுக்க ஞாயிற்றுக்கிழமை நானும் பக்கத்து இருக்கைக்காரனும் போனோம். பழைய வீடு நின்ற இடத்தை மறைத்துத் தகரத் தடுப்பு. அதன்மேல் நீல பெயிண்டில் தமிழில் ஏதோ எழுதி, பக்கத்தில் ஓர் அம்புக்குறி.

அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. "என்னடா எழுதியிருக்கு?" என்றான்.

"அக்கா எதிர்வீட்ல இருக்கேன்" என்று படித்துச் சொன்னேன்.

"இந்தத் தெருவுல யாருடா தமிழ் படிப்பாங்க?" என்று கேட்டுவிட்டு, அம்புக்குறி காட்டிய எதிர்வீட்டைத் திரும்பிப் பார்த்தான்.