கடியப்பட்டணத்தில் எத்தனை அந்தோணி?

போன சனிக்கிழமை கடியப்பட்டணத்தில் ஒரு சர்வர் தொடக்க விழாவுக்குப் போயிருந்தேன். ரிப்பன் கிடையாது, குத்துவிளக்கு கிடையாது. பிரமிளா வீட்டு முன்னறையில் ஒரு பழைய லேப்டாப், அவ்வளவுதான்.

சென்னை ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டவள் பிரமிளா. அவள் ஏற்பாடு எளிமையானது. வள்ளக்காரர்கள் கரையை நெருங்கும்போதே என்ன மீன் என்று போனில் தட்டிவிட வேண்டும். மீன் விற்கும் பெண்கள் வீட்டிலிருந்தே பார்த்து, 'இது எனக்கு' என்று சொல்லிவைக்கலாம். வெயிலில் காத்துக் கிடக்க வேண்டாம்.

"கண்டெய்னர்ல ஓடுது அண்ணாச்சி" என்றாள். எனக்குத் தூத்துக்குடி லாரிதான் ஞாபகம் வந்தது... புரோகிராமை, அதற்கு வேண்டிய சாமான்களோடு ஒரே பெட்டியாகக் கட்டி ஓட விடுவதாம். விவரங்களைச் சேர்த்துவைக்கும் டேட்டாபேஸ் பக்கத்துப் பெட்டியில்.

பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர்களில் மூத்தவரான ஸ்டெல்லா அக்கா கறாராகச் சொல்லிவிட்டார்: "இண்ணைக்கு செரியா ஓடலைண்ணா நாங்க பழையபடி கரைக்கே போறோம் மக்கா."

அந்தோணி வள்ளம் – நெய்மீன். திரையில் வந்ததும் ஒரே கைதட்டல். ஸ்டெல்லா அக்கா உடனே சொல்லிவைத்தார். ஐந்தே நிமிடம்... அந்தோணி வள்ளம் – சாளை. நெய்மீனைக் காணோம்!

"எனக்க நெய்மீன் எங்கட்டி?" அக்கா எழுந்தேவிட்டார்.

பிரமிளாவுக்கு வேர்த்துவிட்டது. கண்டெய்னரை நிறுத்தினாள், ஓட்டினாள், மறுபடி நிறுத்தினாள். பாவம், அதன்மேல் ஒரு தப்பும் இல்லை. ஒரு பேருக்கு ஒரு ஆள் என்று டேட்டாபேஸுக்குச் சொல்லிவைத்தவள் இவள்தான். இரண்டாவது அந்தோணி வந்ததும் அது முதல் அந்தோணியை அழித்துவிட்டு எழுதிவிட்டது. தெருவுக்கு நாலு அந்தோணி இருக்கிற ஊரில் பிறந்தவள் செய்கிற காரியமா இது?

"ஆளுக்கொரு நம்பர் போட்டிரட்டா?" என்றாள்.

"நம்பரு யாருக்குத் தெரியும்? வட்டப்பேரைப் போடு" என்றார் அக்கா.

அடுத்த அரை மணி நேரம் நான் சிரித்ததில் வயிறு வலித்தது. குடைக்கம்பி அந்தோணி, கட்டன்சாயா அந்தோணி, லேட்டு அந்தோணி... முகத்துக்கு நேரே யாரும் சொல்லாத பேரெல்லாம் வரிசையாக டேட்டாபேஸில் ஏறின. முதல் அந்தோணியை மறுபடி தட்டச் சொன்னாள். கட்டன்சாயா – நெய்மீன். லேட்டு – சாளை. இரண்டும் தனித்தனி வரியில் அழகாக நின்றன.

ஸ்டெல்லா அக்கா உட்கார்ந்தார். "நாளைக்கும் இது ஓடும் இல்லியா?" என்று கேட்டார். பிரமிளாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான், மறைப்பானேன்?

அந்த உற்சாகத்தில் நானும், "என் பேரையும் ஏத்திவிடு, வாரம் ஒரு கிலோ சாளை" என்றேன்.

"உங்களை அப்பவே ஏத்தியாச்சு அண்ணாச்சி" என்றாள் பிரமிளா, திரையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே.

என்ன பேரில் என்று மட்டும் இன்றுவரை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்!